எந்த ஃபோல்டர் என்பதை ஆள் சொல்லட்டும்

அச்சகத்துக்கு வரும் ஃபைல்களைத் தானாகப் பிரித்து அடுக்கிவைக்க ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) எழுதித் தர முடியுமா என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். முடியும். ஆனால் வேண்டாம் என்பேன். பிரிக்கும் வேலையை ஆளிடமே விட்டுவிட்டு, நகர்த்தும் வேலையை மட்டும் ஸ்கிரிப்டிடம் கொடுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஆப்செட் அச்சகத்தில் டிடிபி பிரிவின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான். இந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது அந்த மேசைகளில் பார்த்ததுதான்.

ஒரு கல்யாணப் பத்திரிகை வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் வீட்டார் நோட்டுத் தாளில் எழுதிய வாசகத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வேர்டு ஃபைல் வரும். குலதெய்வத்தின் படம் பென்டிரைவில் வரும். அதையெல்லாம் வைத்து கோரல்டிராவில் வடிவமைத்து, பிரூஃபுக்கு ஒரு பிடிஎஃப் போடுவார்கள். ஃபைல் வகைப்படி பிரிக்கும் ஸ்கிரிப்ட் இந்த ஒரே வேலையை நான்கு இடங்களில் சிதறடிக்கும். தேதிப்படி பிரிக்கலாமென்றால், திருத்தம் பத்து நாள் கழித்து வருகிறது. பெயர்ப்படி பிரிக்கலாமென்றால், வாட்ஸ்அப் படத்தின் பெயரில் நாளும் நேரமும் தவிர வேறெதுவும் இல்லை. எந்தப் பிள்ளையார் எந்தக் கல்யாணத்துக்கு என்பது மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே தெரியும்.

எங்கள் மூத்த ஆபரேட்டர் அக்கா இதை ஒரே வரியில் சொன்னார்: "தம்பி, எந்த ஃபோல்டருக்குப் போகணும்னு எனக்குப் பார்த்ததுமே தெரிஞ்சிடும். அங்க கொண்டுபோய்ப் போடுறதுக்குள்ளதான் பத்து கிளிக் ஆயிடுது." டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஃபைல்கள் குவிந்து கிடந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை. முகூர்த்த மாதங்களில் அந்தப் பத்து கிளிக்குக்கு யாருக்கும் நேரம் கிடையாது. ஆடி மாதம் கல்யாண வேலை இல்லாமல் மேசை காலியாக இருந்தபோது, நகர்த்த மட்டும் ஒரு ஸ்கிரிப்டை எழுத உட்கார்ந்தேன்.

வடிவம் எளிமையானது. விண்டோஸில் ஃபைலின் மேல் வலது கிளிக் செய்தால் 'சென்ட் டூ' என்று ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியல் ஒரு சாதாரண ஃபோல்டர்தான். ரன் பெட்டியில் 'ஷெல்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, 'சென்ட்டூ' என்று இடைவெளி இல்லாமல் அடித்தால் அது திறக்கும். அதற்குள் நம் ஸ்கிரிப்டுக்கு ஒரு ஷார்ட்கட் வைத்துவிட்டால் போதும். தேர்ந்தெடுத்த ஃபைல்களின் முகவரிகள் ஸ்கிரிப்டின் கைக்கு வந்துசேரும். விண்டோஸ் 11-இல் இந்தப் பட்டியல் இரண்டாவது மெனுவுக்குள் ஒளிந்துகொண்டது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு வலது கிளிக் செய்தால் பழைய மெனு நேராக வரும்.

முதலில் வைத்தது பேட்ச் ஃபைல், அதாவது விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஃபைல். கைக்குப் பழகியது, எந்த விண்டோஸிலும் ஓடும். சோதனைக்கென்று எடுத்துவைத்த நகல் ஃபோல்டரில் சில ஃபைல்கள் போயின, சில "கிடைக்கவில்லை" என்றன. கிடைக்காதவை எல்லாம் ஒரே ஜாதிப் பெயர்கள்: பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு) பழகிய விரல்கள் வைத்த பெயர்கள்.

பாமினியில் தட்டச்சு செய்து பழகியவர்கள் ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போதும் அதே விசைகளைத்தான் தட்டுவார்கள். திரையில் தெரிவது ஆங்கிலக் குழப்பமாக இருந்தாலும் அவர்கள் அதைத் தமிழாகவே படித்துவிடுவார்கள். 'தமிழ்' என்பது அங்கே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். மெய்யெழுத்தின் புள்ளிதான் அந்த அரைப்புள்ளி. பேட்ச் ஃபைலோ அரைப்புள்ளியையும் காற்புள்ளியையும் சமக்குறியையும் இடைவெளியைப் போலவே பிரிகோடாக எடுத்துக்கொள்கிறது. முகவரியில் எங்காவது இடைவெளி இருந்தால் விண்டோஸ் முழுவதையும் மேற்கோள் குறிக்குள் வைத்து அனுப்பிவிடும், தப்பித்துவிடும். இடைவெளி இல்லையென்றால் வெறுமையாக அனுப்பும். அப்போது ஒவ்வொரு மெய்யெழுத்திலும் பெயர் துண்டாகிறது. கடைப் பெயர்களில் வரும் 'அண்ட்' குறி இன்னும் மோசம். அதற்குப் பின்னால் இருப்பதைத் தனிக் கட்டளையாக நினைத்து ஓட்டப் பார்க்கும்.

இந்த இடத்தில் பலரும் ஃபைல் பெயர்களைத் திருத்தச் சொல்வார்கள். பதினைந்து வருட வேலைகளின் பெயரை மாற்றச் சொல்வது நியாயமில்லை. அந்தப் பெயர்களை வைத்துத்தான் அக்கா தேடுகிறார். மாற வேண்டியது ஸ்கிரிப்ட். பேட்சை விட்டுவிட்டு, விண்டோஸோடு வரும் இன்னொரு ஸ்கிரிப்ட் மொழியான பவர்ஷெல்லுக்குப் போனேன். 'சென்ட் டூ'வில் பேட்ச் ஃபைலுக்குப் பதிலாக பவர்ஷெல்லையே நேராக அழைக்கும் ஷார்ட்கட், ஸ்கிரிப்டின் முகவரி 'ஃபைல்' என்ற விருப்பத்தோடு. அப்படி வந்தால் அரைப்புள்ளியும் 'அண்ட்' குறியும் பெயரின் பகுதியாகவே வந்துசேர்கின்றன. சாதாரண விண்டோஸ் கணினியில் பவர்ஷெல் ஸ்கிரிப்ட் ஓட முதலில் அனுமதி இருக்காது. நடப்புப் பயனருக்கு மட்டும் 'ரிமோட்சைன்டு' கொள்கையை (இணையத்திலிருந்து வந்த ஸ்கிரிப்டுக்கு மட்டும் கையொப்பம் கேட்பது) வைத்தால் போதும். எல்லாவற்றையும் திறந்துவிடத் தேவையில்லை.

பவர்ஷெல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. சதுர அடைப்புக்குறி உள்ள பெயரை அது தேடல் வடிவமாகப் படிக்கும். 'லோகோ' என்பதையடுத்து சதுர அடைப்புக்குறிக்குள் 2 என்று ஒரு ஃபைல் இருக்கிறது, பக்கத்திலேயே 'லோகோ2' என்றும் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் முதலாவதைக் கேட்டால் அது இரண்டாவதை நகர்த்தும். பிழைச் செய்தியே வராது. ஃபைலைத் தொடும் ஒவ்வொரு கட்டளையிலும் 'பாத்' என்பதற்குப் பதிலாக, பெயரை உள்ளபடியே எடுத்துக்கொள்ளும் 'லிட்டரல்பாத்' போட வேண்டும். எங்கேயும் விதிவிலக்கு வைக்காதீர்கள்.

அடுத்து, எந்த ஃபோல்டர் என்று கேட்பது. விண்டோஸின் வழக்கமான 'பிரவுஸ்' பெட்டியைத் திறக்கலாம், நான்கு வரிதான். ஆனால் அதில் டிரைவைத் திறந்து, வருடத்தைத் திறந்து, மாதத்தைத் திறந்து என்று அதே பத்து கிளிக் திரும்பி வந்துவிடுகிறது. அக்காவுக்குத் தேவை இப்போது நடந்துகொண்டிருக்கும் வேலைகளின் சின்னப் பட்டியல். 'அவுட்-கிரிட்வியூ' என்ற கட்டளை அதற்கென்றே செய்ததுபோல் இருந்தது. வேலை ஃபோல்டர்களை ஒரு ஜன்னலில் பட்டியலாகக் காட்டும். மேலே ஒரு வடிகட்டிப் பெட்டி இருக்கும். இரண்டு எழுத்து அடித்தால் பட்டியல் சுருங்கும். ஒன்றைத் தேர்ந்து ஓகே கொடுத்தால் ஸ்கிரிப்டுக்கு அந்த ஃபோல்டர் கிடைக்கும். கறுப்புக் கன்சோல் ஜன்னலில் தமிழ் எழுத்துகள் உடைந்து தெரியும், கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும். இந்த ஜன்னலில் தமிழ் சரியாகத் தெரிகிறது.

பட்டியலைக் கடைசியாக மாறிய நேரப்படி வரிசைப்படுத்தினால் சூடான வேலைகள் மேலே வந்துவிடும். ஒரு நுணுக்கம்: ஃபோல்டருக்குள் நேராக ஒரு ஃபைல் சேர்ந்தால் அதன் நேரம் மாறும், உள்ளே இருக்கும் 'படங்கள்' ஃபோல்டருக்குள் சேர்ந்தால் வெளி ஃபோல்டரின் நேரம் மாறாது. அதனால் நகர்த்தி முடித்ததும் வேலை ஃபோல்டரின் நேரத்தை ஸ்கிரிப்டே இப்போதைக்கு மாற்றிவிடுகிறது.

ஸ்கிரிப்டுக்குள்ளேயே தமிழில் ஃபோல்டர் பெயர் எழுதினால், அதை யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் குறியாக்கத்தில், ஃபைலின் தொடக்கத்திலேயே அதைச் சொல்லும் 'பாம்' குறியோடு சேமிக்க வேண்டும். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1, அந்தக் குறி இல்லாத ஸ்கிரிப்டைப் பழைய குறியாக்கத்தில் படித்துவிடும். 'பிரூஃப்' என்று எழுதியது குப்பை எழுத்துகளாகி, அந்தப் பெயரிலேயே ஒரு ஃபோல்டரும் உருவாகிவிடும்.

இனி நகர்த்துதல். இதில்தான் கவனம் முழுவதும் வேண்டும்.

ஒரே டிரைவுக்குள் நகர்த்துவது பட்டாவில் பெயர் மாற்றுவதைப் போன்றது. நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும், பதிவு மட்டும் மாறும். அதனால்தான் 2 ஜிபி ஃபிளெக்ஸ் ஃபைலும் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடுகிறது. சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கோ, பென்டிரைவிலிருந்தோ, நெட்வொர்க்கில் இருக்கும் சேமிப்புப் பெட்டிக்கோ நகர்த்தும்போது நடப்பது வேறு: முதலில் நகல் எடுக்கிறது, பிறகு மூலத்தை அழிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போகலாம், பென்டிரைவைப் பிடுங்கலாம், ஃபைல் கோரல்டிராவில் திறந்திருக்கலாம். திறந்திருந்தால் நகல் போய்ச் சேரும், மூலம் அழியாது, ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் இருக்கும். நாளைக்கு எதைத் திருத்துவது என்ற குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அதனால் டிரைவு மாறினால் என் ஸ்கிரிப்ட் 'மூவ்' கட்டளையைத் தொடுவதே இல்லை. நகல் எடுக்கிறது, இரண்டு பக்கமும் ஷா-256 (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு ஒப்பிடுகிறது, ஒத்துப்போனால் மட்டும் மூலத்தை அழிக்கிறது. பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹேஷ்' என்ற ஒரே கட்டளை இதைச் செய்துவிடும். பெரிய டிஃப் பட ஃபைல்களில் கொஞ்சம் தாமதமாகும். ஆகட்டும். வாடிக்கையாளர் கொடுத்த தாத்தாவின் ஒரே புகைப்படம் அந்த ஃபைலாக இருக்கலாம்.

போய்ச்சேரும் ஃபோல்டர் உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. கேட்கச் சாதாரணம். நகர்த்தும் ஸ்கிரிப்டுகளில் நான் கண்ட மிகப் பெரிய ஆபத்து இதுதான். இல்லாத ஃபோல்டரின் பெயரைக் கொடுத்தால் 'மூவ்' பிழை சொல்வதில்லை. அதை ஃபைலின் புதுப் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. முதல் படம் 'பத்திரிகை' என்ற பெயருள்ள, வகைக்குறி இல்லாத ஒரு ஃபைலாக மாறும். இரண்டாவது படமும் அதே பெயருக்கு வரும், முதலாவதன் மேல் எழுதும். நாற்பது படங்கள் போனால் மிஞ்சுவது கடைசிப் படம் ஒன்றுதான். கையால் தட்டச்சு செய்யும்போது விண்டோஸின் 'மூவ்' "மேலே எழுதட்டுமா" என்று கேட்கும். அதே கட்டளை பேட்ச் ஃபைலுக்குள்ளிருந்து ஓடும்போது கேட்காது. அதன் உதவிக் குறிப்பிலேயே இது எழுதியிருக்கிறது, ஆனால் யார் படிக்கிறார்கள். பவர்ஷெல்லின் 'மூவ்-ஐட்டம்' இதைவிடப் பரவாயில்லை: அதே பெயரில் ஃபைல் இருந்தால் நின்றுவிடும். 'ஃபோர்ஸ்' போட்டால் அந்தக் காவலும் போயிற்று. பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்ததில் எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி, இல்லாத ஃபோல்டரின் பெயரை யாரும் தட்டச்சு செய்யவே முடியாது என்பது. அப்படியும் நகர்த்துவதற்கு முன் 'டெஸ்ட்-பாத்' வைத்து, இருப்பது ஃபோல்டர்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். பட்டியல் திறந்திருக்கும்போதே பக்கத்து மேசையில் யாராவது அதன் பெயரை மாற்றியிருக்கலாம்.

அதே பெயரில் அங்கே ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால் என்ன செய்வது? அச்சகத்தில் இது தொழில்நுட்பக் கேள்வி மட்டும் இல்லை. வாடிக்கையாளர் திருத்தம் அனுப்பும்போது அதே பெயரில்தான் அனுப்புவார். முதல் பிடிஎஃபில் முகூர்த்தம் 7.30 முதல் 9 வரை, இரண்டாவதில் 9 முதல் 10.30 வரை. மேலே எழுதினால் பழையது போய்விடும், "நீங்கள் முதலில் கொடுத்தது இதுதான்" என்று காட்ட ஒன்றும் இருக்காது. எழுதாமல் தவிர்த்தால் திருத்தம் டவுன்லோட்ஸிலேயே கிடக்கும், பழைய நேரத்தோடு பிளேட் போட்டு ஐநூறு பத்திரிகை அடித்துவிடுவார்கள். அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்த்தால் எது புதிது என்று அவசரத்தில் தெரியாது. அதனால் ஸ்கிரிப்ட் முதலில் இரண்டின் ஷா-256 எண்ணையும் ஒப்பிடுகிறது. ஒன்றேயென்றால் புதிதாக வந்ததை 'இரட்டை' என்ற ஃபோல்டருக்கு அனுப்புகிறது, அழிப்பதில்லை. வேறென்றால் பெயரின் பின்னால் நாளையும் நேரத்தையும் சேர்த்து வைக்கிறது, உடனே ஒரு பெட்டியைத் திறந்து "திருத்தம் வந்திருக்கிறது" என்றும் சொல்கிறது. நேரத்தில் முக்காற்புள்ளி போட முடியாது, விண்டோஸ் ஃபைல் பெயரில் அதற்கு இடமில்லை. 1032 என்று சேர்த்தே எழுதிவிடுங்கள்.

எதைத் தொடக்கூடாது என்பதற்கும் ஒரு பட்டியல் உண்டு. குரோமில் பாதி இறங்கிய ஃபைல், வேர்டு திறந்திருக்கும்போது பக்கத்தில் தோன்றும் அலைக்குறி ஃபைல், இரண்டையும் ஸ்கிரிப்ட் தாண்டிப் போகும். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் ஃபைல்களை நகர்த்தவே விடுவதில்லை. எங்கள் பக்கத்து அச்சகங்களில் பேஜ்மேக்கர் 7 இன்னும் ஓடுகிறது. பக்கத்தில் வைத்த படங்கள் எந்த முகவரியில் இருக்கின்றன என்பதை அது நினைவில் வைத்திருக்கும். படமும் ஃபைலும் பிரிந்துபோனால் இணைப்பு அறுந்துபோகலாம். அவற்றை முழு ஃபோல்டராகத்தான் நகர்த்த வேண்டும்.

தமிழ்ப் பெயர்களுக்கே உரிய ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. 'கொலு பேனர்' என்று பார்வைக்கு ஒரே மாதிரியான இரண்டு ஃபோல்டர்கள் பட்டியலில் வந்தன. யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: க-வோடு ஒகரக் குறியை ஒரே எழுத்தாகச் சேர்ப்பது, அல்லது ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது. திரையில் வித்தியாசமே தெரியாது, விண்டோஸுக்கு அவை வெவ்வேறு பெயர்கள். பழைய மேக் கணினிகளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் என்ற ஃபைல் சேமிப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். வெளி டிசைனர்களிடமிருந்து வரும் ஃபோல்டர்களில் இது சகஜம். ஓகாரம், ஔகாரம் இரண்டுக்கும் இதே கதை. ஒப்பிடுவதற்கு முன் எல்லாப் பெயரையும் 'நார்மலைஸ்' செய்து சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறேன், பவர்ஷெல்லில் ஒரு சொல் போதும். இரட்டைகள் தெரிந்துவிடும்.

நீளமும் பார்க்க வேண்டும். விண்டோஸில் முழு முகவரிக்கு 260 எழுத்து என்ற பழைய வரம்பை இன்றும் பல மென்பொருள்கள் தாண்டுவதில்லை. லினக்ஸில் ஓடும் சேமிப்புப் பெட்டியில் ஒரு பெயருக்கு 255 பைட் வரம்பு. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு மூன்று, அதுவும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக. 'திருமண அழைப்பிதழ்' என்ற இரண்டு சொல்லே 49 பைட். இரு வீட்டார் பெயரும் ஊரும் சேர்த்து நீட்டி வைத்த பெயர், கணினியில் இருக்கும், பெட்டிக்குப் போகாது.

முடிந்த வேலைகளை மாதக் கடைசியில் அந்தப் பெட்டிக்கு மொத்தமாக அனுப்ப 'ரோபோகாப்பி' என்ற நகலெடுக்கும் கட்டளையை வைத்திருக்கிறேன். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து கூடவே வருகிறது. அது திருப்பித் தரும் எண்ணை மட்டும் கவனியுங்கள். மற்றக் கட்டளைகளில் பெரும்பாலும் பூஜ்யம் தவிர எதுவும் தோல்வி. இதில் 1 என்றால் ஃபைல்கள் நல்லபடியாகப் போயின என்று அர்த்தம், 8-உம் அதற்கு மேலும்தான் தோல்வி. இது தெரியாமல் எழுதிய ஸ்கிரிப்ட், எல்லாம் சரியாகப் போன நாளில் கூச்சல் போடும்.

லினக்ஸில் இதைச் செய்ய விரும்புகிறவர்களுக்குப் பாதை சுலபம். நாட்டிலஸ் என்ற ஃபைல் மேலாளரின் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில், ஓட்டும் அனுமதியோடு ஒரு ஸ்கிரிப்டை வைத்தால் வலது கிளிக்கில் வந்துவிடும். ஃபோல்டரைக் கேட்க, பெட்டி திறந்து காட்டும் 'ஜெனிட்டி' என்ற கருவி இருக்கிறது. நகர்த்தும் 'எம்வி' கட்டளையில் சின்ன 'டி' (-t) விருப்பத்தோடு ஃபோல்டரைக் கொடுத்தால், அது இல்லாதபோது பெயர் மாற்றாமல் பிழை சொல்லி நிற்கும். சின்ன 'என்' (-n) போட்டால் மேலே எழுதாது.

ஸ்கிரிப்ட் செய்யும் ஒவ்வொரு நகர்வும் ஒரு பதிவு ஃபைலில் ஒரு வரியாக விழுகிறது: எப்போது, எங்கிருந்து, எங்கே, என்ன ஷா எண். அக்கா இதை நம்ப ஆரம்பித்தது, தவறான கல்யாணத்துக்குப் போன ஃபைல்களைத் திரும்ப எடுக்க முடிகிறது என்று பார்த்த பிறகுதான். 'சென்ட் டூ'வில் பக்கத்திலேயே 'திரும்பக் கொண்டுவா' என்று இன்னொன்று இருக்கிறது. அது பதிவைக் கீழிருந்து மேலாகப் படிக்கும். ஒரே ஃபைல் காலையில் ஒரு ஃபோல்டருக்கும் மதியம் இன்னொன்றுக்கும் போயிருந்தால், மதிய நகர்வை முதலில் பிரித்தால்தான் காலையில் போன இடத்தில் அது கிடைக்கும்.